செல்ஃப் மோட்டாரையும் மாற்றச் சொல்கிறார்கள்: கார் பழுதுகளைத் தானே கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்குவது?

தங்கச்சிமடத்தான்:

அனைவருக்கும் வணக்கம். 2014ஆம் ஆண்டின் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி, தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் வழியாக இராமநாதபுரத்திற்கு வேலைக்குச் சென்று வருகிறேன். சில மாதங்களாகக் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. முகப்பு விளக்கும் மங்கிவிடுகிறது. பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். சில நாள் ஒழுங்காக இருந்து, மறுபடியும் பழைய கதைதான். இப்போது செல்ஃப் மோட்டாரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

மெக்கானிக் ஆகும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் பழுதின் காரணத்தை நானே ஓரளவு கண்டறியவும், சின்ன வேலைகளை நானே செய்யவும் விரும்புகிறேன். காணொளிகள் நிறையப் பார்த்தாயிற்று; பார்க்கும்போது எல்லாம் விளங்குகிறது, பானெட்டைத் திறந்தால் எதில் கை வைப்பது என்று தெரியவில்லை. எதைப் படித்து, எதைக் கையால் செய்து பழக வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

உச்சிப்புளி பட்டறை:

தம்பி, மோட்டாரை மாற்றுவதற்கு முன்பு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். உங்கள் பழுதிலேயே பாடத்தைத் தொடங்கலாம்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏறினால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று பொருள். இவை இரண்டும் சரியாக இருந்தால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் போடச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில், கை பிரேக் போட்டபடி இருக்கட்டும். அந்த நேரத்தில் மீட்டர் காட்டும் வோல்ட், எர்த் பாதையிலேயே, அதாவது மின்சாரம் எஞ்சினிலிருந்து பாடி வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழியிலேயே, வீணாகிப் போகும் வோல்ட் ஆகும். அது 0.2 அளவில் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் மோட்டாரைப் பழிக்காமல் எர்த் வயரைத் தேடுங்கள்.

நம் கரையில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், படிந்திருக்கும் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து உப்புநீராகிவிடும். மழையே பெய்யாத நாளிலும் போல்ட்டுக்கும் பாடிக்கும் நடுவில் துரு வளர்வதற்கு அதுவே போதும். மேலே பார்த்தால் வயர் நன்றாகத்தான் இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி உதிரும்.

மண்டபம் டீசல்:

மீட்டர் பற்றி அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மீட்டரையும் புத்தகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு கை பழகாது. நான் விசைப்படகு எஞ்சின் வேலை செய்பவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இங்கே படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள். அப்போது தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் அனுமதி கேட்டு, விடுமுறை நாட்களில் கூட நின்று பாருங்கள். படகு எஞ்சின் வேறு, கார் எஞ்சின் வேறுதான். இருந்தாலும் ஆயில் எந்த வழியாக ஓடுகிறது, கேஸ்கட் எந்த இடத்தில் விட்டுப்போகிறது, துருப்பிடித்த நட்டை உடைக்காமல் எப்படி அசைப்பது என்பவற்றை அங்கே நேரில் பார்க்கலாம். துரு எண்ணெய் ஊற்றிக் காத்திருந்து, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்பும் அந்தப் பதத்தைக் காணொளியால் கற்றுத்தர இயலாது.

கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். போல்ட்டுகளை அட்டையில் துளையிட்டு, அவை இருந்த வரிசையிலேயே செருகி வையுங்கள். மாற்றிய பழைய உதிரியைப் பட்டறையில் விட்டு வராமல் கேட்டு வாங்கிப் பிரித்துப் பாருங்கள். கெட்ட பொருளைப் போல நல்ல ஆசிரியர் கிடையாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும்.

கீழக்கரை வாசகன்:

மண்டபம் நண்பர் படிப்பைச் சற்றுக் குறைத்து மதிப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில்தான் இருக்கும். காணொளியில் வருவது பெரும்பாலும் வேறு நாட்டு வண்டி, வேறு எஞ்சின். வாகனத்தோடு தரப்படும் கையேட்டையே பலர் உறை பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். எந்த ஃபியூஸ் எதற்கு, எந்தத் தர ஆயில், பிரேக் ஆயில் டாட் 3ஆ டாட் 4ஆ என்பதெல்லாம் அதில் உள்ளன. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறிய நிலைக்குத் தரம் கேட்பதோ 155 டிகிரிதான். ஆகவே திறந்து வைத்த பழைய டப்பாவை ஊற்றாதீர்கள்.

உங்கள் 2014 வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும்; எஞ்சின் கணினி பதிந்து வைத்த பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் இணைப்பு அது. சிறிய ஸ்கேனர் ஒன்றைக் கைபேசியுடன் இணைத்துக் குறியீடுகளைப் படிக்கலாம். ஆனால் குறியீடு நோயின் அறிகுறியைத்தான் சொல்லும். பி0171 என்று வந்தால் காற்று கூடி பெட்ரோல் குறைந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். பலரும் உடனே ஆக்சிஜன் சென்சார் வாங்க ஓடுகிறார்கள். எஞ்சின் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுகிறது என்று காட்டும் ஃபியூயல் ட்ரிம் என்ற அளவைப் பாருங்கள்: ஐட்லிங்கில் மிகுந்து, ஆர்பிஎம் ஏற்றினால் குறைந்தால் எங்கோ ஒரு ஹோஸில் காற்று கசிகிறது என்று ஐயப்படலாம், வேகமும் சுமையும் கூடக் கூட அதுவும் கூடினால் பம்ப்பையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். ஏர்பேக் வயர்களை மட்டும் தொடவே வேண்டாம், அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

தங்கச்சிமடத்தான்:

மூவருக்கும் நன்றி. மீட்டர் வாங்கி, என் தம்பியைச் செல்ஃப் போடச் சொல்லி அளந்தேன். பேட்டரி 12.6 காட்டியது. நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் 1.1 வோல்ட் வந்தது. பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் வயரில் குறைவாகவும், பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் பின்னல் பட்டையில் மிகுதியாகவும் இருந்தது. அந்த போல்ட்டைக் கழற்றினால் அண்ணன் சொன்ன அதே பச்சைப் பொடி. பட்டையின் இழைகளும் பாதி அறுந்திருந்தன. புதிய பட்டை போட்டேன், இப்போது அளவு 0.2. பழையபடி துருப்பிடிக்காமல் இருக்க கிரீஸ் தடவிவிட்டுப் பட்டையை மாட்டலாமா, மாட்டிய பிறகு தடவ வேண்டுமா?

உச்சிப்புளி பட்டறை:

மாட்டிய பிறகுதான். எம்ரி தாளால் இரண்டு பக்கமும் பளபளப்பான உலோகம் தெரியும் வரை தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, உலோகத்தோடு உலோகம் ஒட்டும்படி முறுக்குங்கள்; அதன் பிறகு வெளியே வாசலினோ கிரீஸோ பூசினால் போதும். வாடைக்காற்று தொடங்கும் மாதத்தில் ஒருமுறை மறுபடியும் அளந்து, அந்த எண்ணை நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பழைய மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை.