முன்னாள் மாணவர் பட்டியலில் மின்னஞ்சலை மாற்ற முடியவில்லை

வணக்கம். 1996 முதல் 1998 வரை தென்னாப்பிரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படித்தேன். இப்போது இருப்பது டொராண்டோவில். தென்னாப்பிரிக்காவில் உயர்கல்வி நிறுவனங்களை இணைத்த காலத்தில் என் பல்கலைக்கழகமும் இன்னொன்றோடு சேர்ந்து புதுப் பெயர் பெற்றது. அதனால் என் பட்டத்தில் உள்ள பெயரில் இன்று எந்த நிறுவனமும் இல்லை!

முன்னாள் மாணவர் பட்டியலில் இருப்பது எப்போதோ மூடிய மின்னஞ்சலும் +27-இல் தொடங்கும் பழைய கைபேசி எண்ணும்தான். அவற்றை மாற்றப் போனால், அந்த நாட்டுக் குடிமக்களுக்குத் தரும் 13 இலக்க அடையாள எண்ணைக் கேட்கிறது. வெளிநாட்டு மாணவியான எனக்கு அது கிடையாது. பதிவானது கடவுச்சீட்டு எண், அந்தக் கடவுச்சீட்டும் காலாவதியாகிவிட்டது. அப்புறம் திருமணத்தில் குடும்பப் பெயரும் மாறிவிட்டது.

மார்ச்சிலிருந்து நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன், தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே அதிகாலை மூன்று. அலாரம் வைத்து எழுந்து இரண்டு முறை அழைத்தேன். வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், இணைப்பு துண்டித்துப்போனது. நேரில் போன தோழியிடம், பட்டதாரியே வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பட்டச் சான்றிதழும் மாணவர் எண்ணும் திருமணச் சான்றும் கையில் இருக்கின்றன.

இப்படி வெளிநாட்டு மாணவராகப் படித்துவிட்டு, தொலைவிலிருந்தே விவரத்தை மாற்றியவர்கள் எந்தப் பிரிவுக்கு எழுதி முடித்தீர்கள்?