படிக்கட்டைக் காணவில்லை, திங்கட்கிழமை காலைக்குள் வழி சொல்லுங்கள்

வெலிங்டன் மகள் (சனிக்கிழமை இரவு)

அனைவருக்கும் வணக்கம். நான் வெலிங்டனுக்கு வந்து மூன்று வாரங்கள்தான் ஆகின்றன. ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைபடப் பணியில் சேர்ந்திருக்கிறேன். முதல் 90 நாள்கள் சோதனைக் காலம். நேற்று மாலை ஒரு வீட்டின் பின்புறத் தடுப்புச் சுவரைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதன் மேல் விழுந்து கிடந்த படிக்கட்டைத் தேர்ந்தெடுத்து மறைத்தேன். வேலை முடிந்ததும் கோப்பை மூடிவிட்டு வந்துவிட்டேன். இன்று மாலை மூத்தவர் ஒருவர், தரைத்தளத் தாளில் படிக்கட்டே இல்லை என்றும், திங்கட்கிழமை காலை 10 மணிக்கு அந்தத் தாள் வாடிக்கையாளருக்குப் போக வேண்டும் என்றும் செய்தி அனுப்பியிருக்கிறார். கோப்பைத் திறந்து அண்டூ செய்யப் பார்த்தால் அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் செயலற்றுக் கிடக்கிறது. படிக்கட்டை நான் அழித்தேவிட்டேனா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அருவங்காடு (சனிக்கிழமை இரவு)

கவலைப்படாதீர்கள், தங்கச்சி. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஒரு பொருளை ஹைட் ஆப்ஜெக்ட்ஸ் கட்டளையால் மறைத்திருந்தால், அன்ஐசொலேட் ஆப்ஜெக்ட்ஸ் என்று கொடுத்தவுடன் அது திரும்பி வந்துவிடும். இயல்பான அமைப்பில், கோப்பை மூடித் திறந்தாலே வந்துவிடும். அந்தப் பொருள் இருக்கும் லேயரை (வரைபட அடுக்கை) அணைத்திருந்தால் மட்டும் அதைத் தேடிப்பிடித்து ஏற்ற வேண்டும். நீங்கள் வெலிங்டனில்தான் இருக்கிறீர்கள் என்பதால், நாளை காலை குன்னூர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள என் அலுவலகத்துக்கே வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் உங்களுக்காகத் திறந்து வைக்கிறேன். கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்து வாருங்கள்.

ரன்னிமேடு (சனிக்கிழமை இரவு)

நான் கனடாவின் கால்கரிக்கு வந்தது ஒரு ஜனவரி மாதம். ஊட்டியில் உறைபனியைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் குளிர் ஒரு பொருட்டா என்று நினைத்திருந்தேன். மைனஸ் 30 வேறு விதமான குளிர். அந்த நிலையில் கிடைத்த முதல் வேலையில், இரண்டாம் வாரமே, ஒரு தளத்தின் தூண்கள் அனைத்தையும் அரை மீட்டர் தள்ளி வைத்துவிட்டேன். காரணம் இதுதான். தேர்வுப் பெட்டியை இடமிருந்து வலமாக இழுத்தால் அதற்குள் முழுமையாக அடங்கியவை மட்டுமே தேர்வாகும். வலமிருந்து இடமாக இழுத்தால் பெட்டி தொட்டதெல்லாம் தேர்வாகிவிடும். முதலாவதற்கு முழுக்கோடு, இரண்டாவதற்குப் புள்ளிக்கோடு. அவசரத்தில் அந்தக் கோட்டின் வகையைக் கவனிக்கவில்லை. ஆகவே தங்கை முதலில் கற்க வேண்டியது தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைத்தான். தேவையற்றது தேர்வாகிவிட்டால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அதைச் சொடுக்குங்கள், விலகிவிடும். ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் சுட்டியை மேலே வைத்து டேப் விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக மாறும். பெருங்கூட்டமாகத் தேர்வாகியிருந்தால் ஃபில்டர் பட்டியலில் படிக்கட்டுக்கு மட்டும் குறியிட்டு மற்றதை நீக்குங்கள். நகராதபடி ‘பின்’ குத்தி வைத்த பொருள்கள் தேர்வாகாதபடியும், தேர்ந்தெடுக்கும்போதே பொருள் இழுபடாதபடியும் செய்ய, திரையின் வலது கீழ் மூலையில் சிறு பொத்தான்கள் உள்ளன. படிக்கட்டு கிடைக்காவிட்டால் புதிதாகவே வரைந்துவிடுங்கள், ஒரு மணி நேர வேலைதான்.

கேத்தி (சனிக்கிழமை இரவு, ஷார்ஜாவிலிருந்து)

நீங்கள் பயன்படுத்துவது ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள் என்றால், நிரந்தரமாக மறைப்பதே தவறு. மூக்குக்கண்ணாடி போன்ற அந்தச் சின்னத்தைச் சொடுக்கித் தற்காலிகமாக மறைக்க வேண்டும், அல்லது எச்-எச் என்று தட்ட வேண்டும். தேர்ந்தெடுத்ததை மட்டும் பார்க்க வேண்டுமானால் எச்-ஐ. பழைய நிலைக்குத் திரும்ப எச்-ஆர். இவை உங்கள் திரையை மட்டுமே பாதிக்கும், கோப்பை மூடினால் கலைந்துவிடும். எட்டு ஆண்டுகளாக வேறு எதையும் நான் பயன்படுத்தியதில்லை.

லவ்டேல் (சனிக்கிழமை இரவு, சிங்கப்பூரிலிருந்து)

கேத்தி அண்ணா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தற்காலிக மறைப்பு இருக்கும்போது திரையைச் சுற்றி இளநீலச் சட்டம் ஒன்று தெரியும். வந்த புதிதில் அதைக் கவனிக்காமல், உத்தரங்கள் விடுபட்டிருப்பதாக எண்ணி, அரை நாள் உட்கார்ந்து மீண்டும் வரைந்தவன் நான். எதை மறைப்பதானாலும் வி-ஜி என்று தட்டினால் வரும் பட்டியலில் வகை வாரியாகவோ, ஃபில்டர் என்ற விதியை எழுதியோதான் மறைக்க வேண்டும். அப்போதுதான் எது மறைந்திருக்கிறது என்பதற்கு ஓரிடத்தில் கணக்கு இருக்கும். தனித்தனிப் பொருளாக மறைப்பதும் தற்காலிகமாக மறைப்பதும் சோம்பேறிகளின் வழி.

கேத்தி (சனிக்கிழமை இரவு)

ஒரே ஒரு படிக்கட்டுக்குப் பின்னால் பார்க்க ஃபில்டர் எழுதுகிறவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாதுதான். வேறு பெயர் சொல்லலாம்.

ஹில்குரோவ் (ஞாயிற்றுக்கிழமை அதிகாலை)

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. ஊட்டியில் நான் சேர்ந்த பயிற்சி நிலையம் ஓடும் கட்டடமே சரிவில்தான் நிற்கிறது. ஆனால் ஆறு மாதமும் எங்களுக்கு வரையக் கொடுத்தது முப்பதுக்கு நாற்பது சமதள மனையில் ஒரு வீடு. ஒரு கோப்பில் ஒருவர் மட்டும் வேலை செய்வது போலவே அனைத்தையும் கற்றுத்தந்தார்கள். ஐந்து பேர் ஒரே கட்டட மாதிரிக் கோப்பில் வேலை செய்வார்கள், நான் மறைத்தது அவர்களுக்கும் மறையும் என்பதை வெளிநாட்டுக்கு வந்து திட்டு வாங்கிய பிறகே தெரிந்துகொண்டேன். இங்கே வந்தால், ஊரில் பெற்ற நான்கு ஆண்டு அனுபவத்தைச் சுழியமாகக் கணக்கிட்டு, இளநிலை ஊழியர் என்று உட்கார வைக்கிறார்கள். அந்தச் சுழியத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறதோ என்பதே என் வருத்தம்.

ரன்னிமேடு (ஞாயிற்றுக்கிழமை அதிகாலை)

நியாயமெல்லாம் இல்லை, ஹில்குரோவ். என்னைவிட அனுபவம் குறைந்த உள்ளூர்ப் பையனுக்குக் கீழே இரண்டு ஆண்டுகள் கதவு, ஜன்னல்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அலுவலகத்தில்...

குன்னூர்ப் பெரியவர் (ஞாயிற்றுக்கிழமை காலை)

இதை மறுபடியும் படிக்கட்டுக்குக் கொண்டுவருவோம். நான் மஸ்கட்டில் நீண்ட காலம் பணிபுரிந்து, இப்போது குன்னூரில் சிறு அலுவலகம் நடத்துகிறேன். அம்மா, உங்கள் கேள்வியில் நான்கு செய்திகள் இல்லை. எந்த மென்பொருள்? தேர்ந்தெடுத்த பின் வந்த பட்டியலில் எலிமென்ட் (அந்த ஒரு பொருள்) என்பதைச் சொடுக்கினீர்களா, கேட்டகரி (அந்த வகை முழுவதும்) என்பதையா? கோப்பை மூடும்போது அனைவரும் பகிரும் மையக் கோப்பான சென்ட்ரல் மாடலுடன் சிங்க் செய்தீர்களா, அதாவது உங்கள் மாற்றங்களை அதில் சேர்த்தீர்களா? இவற்றோடு, நீங்கள் எந்த வெலிங்டனில் இருக்கிறீர்கள்? 90 நாள் சோதனைக் காலம் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், இங்கே ராணுவ முகாமுக்குப் பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெலிங்டன் மகள் (ஞாயிற்றுக்கிழமை காலை)

மன்னித்துவிடுங்கள் ஐயா, பதற்றத்தில் எழுதியது. நான் நியூசிலாந்தின் வெலிங்டனில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது குன்னூருக்குப் பக்கத்திலுள்ள நம் வெலிங்டன், அதனால் பெயரைச் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டேன். மென்பொருள் ரெவிட். வலப்பொத்தானைச் சொடுக்கி, ஹைட் இன் வியூ, அதில் கேட்டகரி என்று கொடுத்தேன். சிங்க் செய்தேன். அலுவலக மடிக்கணினி கையில் இருக்கிறது, வீட்டிலிருந்தே கோப்பைத் திறக்க முடிகிறது. தாளில் படிக்கட்டு இல்லை, ஆனால் அதன் கைப்பிடிகள் மட்டும் அந்தரத்தில் நிற்கின்றன.

அருவங்காடு (ஞாயிற்றுக்கிழமை காலை)

காலை எட்டரை மணியிலிருந்து அலுவலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பேருக்குத் தேநீர் வேறு சொல்லியாகிவிட்டது. பரவாயில்லை, நல்லபடியாக முடியட்டும்.

குன்னூர்ப் பெரியவர் (ஞாயிற்றுக்கிழமை காலை)

கைப்பிடிகள் அந்தரத்தில் நிற்பதாகச் சொன்னீர்களே, அது நல்ல அறிகுறி. ரெவிட்டில் படிக்கட்டு ஒரு வகை, கைப்பிடி வேறொரு வகை. நீங்கள் படிக்கட்டு என்ற வகை முழுவதையும் அந்தப் பார்வையில் (வியூவில்) மறைத்திருக்கிறீர்கள்; கைப்பிடி அதில் சேராததால் நின்றுவிட்டது. படிக்கட்டை அழித்திருந்தால் அதன் மேல் அமர்ந்திருக்கும் கைப்பிடியும் கூடவே போயிருக்கும். நம்பிக்கை வரவில்லையென்றால் படிக்கட்டுகளுக்கு ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள். பார்வையில் மறைந்திருப்பவையும் அட்டவணையில் எண்ணப்படும். இதே காரணத்துக்காகத்தான், ரன்னிமேடு தம்பி சொன்னது போலப் புதிதாக வரைந்துவிடாதீர்கள். மறைந்திருப்பதன் மேலேயே இன்னொன்று ஏறி உட்காரும், கான்கிரீட் அளவு இரட்டிப்பாகும், அதைக் கண்டுபிடிக்கும் நாள் இன்னும் மோசமான நாளாக இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. தாளில் இருக்கும் அதே தரைத்தளப் பார்வையைத் திறந்து, கீழே உள்ள பட்டையில் மின்விளக்குச் சின்னத்தைச் சொடுக்குங்கள், அல்லது ஆர்-எச் என்று தட்டுங்கள். திரையைச் சுற்றி கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சட்டம் வரும். மறைந்திருப்பவை அதே நிறத்தில் தெரியும், மற்றவை வெளிறிப்போகும். படிக்கட்டைத் தேர்ந்தெடுத்து, அன்ஹைட் இன் வியூ, கேட்டகரி என்று கொடுங்கள். எலிமென்ட் என்று கொடுத்தால் நடக்காது, ஏனென்றால் நீங்கள் மறைத்தது வகையாக. எந்த வாசல் வழியாக மறைத்தோமோ அந்த வாசல் வழியாகத்தான் மீட்க வேண்டும். நேற்றிரவு முழுவதும் நடந்த எச்-எச், வி-ஜி வழக்கில் விடுபட்டது இதுதான். பிறகு விளக்கை அணைத்துவிட்டு சிங்க் செய்யுங்கள். அந்தப் பார்வையை வேறொருவர் பிடித்திருப்பதாகச் செய்தி வந்தால், அவரைத் தொலைபேசியில் அழைத்து, சிங்க் செய்து விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். அண்டூ சாம்பல் நிறமானதற்கும் உங்கள் தவறு காரணம் இல்லை. கோப்பை மூடினாலோ சிங்க் செய்தாலோ அந்த வரலாறு காலியாகிவிடும்.

வெலிங்டன் மகள் (ஞாயிற்றுக்கிழமை மாலை)

ஐயா, படிக்கட்டு வந்துவிட்டது! கைகள் நடுங்கியதில் இரண்டு முறை சிங்க் செய்தேன். ஆனால் இன்னொன்று. வீட்டின் கீழ்ப்புறம் தோட்டத்துக்கு இறங்கும் வெளிப்படிகள் மட்டும் இன்னும் தெரியவில்லை. விளக்கை ஏற்றினாலும் அவை தெரிவதில்லை. முப்பரிமாணப் பார்வையில் இருக்கின்றன. மூத்தவர் அனுப்பிய செய்தியை மீண்டும் படித்தேன். அவர் அதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

லவ்டேல் (ஞாயிற்றுக்கிழமை மாலை)

வொர்க்செட் (பகிரும் கோப்பில் பொருள்களைப் பிரித்து வைக்கும் தொகுப்பு) மூடியிருக்கும். அல்லது ஃபேஸ் (கட்டுமானக் கட்டம்) மாறியிருக்கும். பார்வையின் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் வியூ டெம்ப்ளேட்டாகவும் இருக்கலாம்.

குன்னூர்ப் பெரியவர் (ஞாயிற்றுக்கிழமை மாலை)

டெம்ப்ளேட் அந்தப் பார்வையின் வகைகளைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தால், வகையாக மறைக்கவே அவருக்கு அது இடம் கொடுத்திருக்காது. ஆகவே அதை விட்டுவிடலாம். முப்பரிமாணத்தில் தெரிவதால் வொர்க்செட் மூடியிருக்கவும் வாய்ப்பில்லை. விளக்குக்கும் அகப்படாமல், வேறு பார்வையில் தெரிகிறது என்றால், நான் முதலில் பார்ப்பது வியூ ரேஞ்சை, அதாவது பார்வை எட்டும் உயர எல்லைகளை.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. குன்னூரில் எத்தனையோ வீடுகளில், மேல் சாலையிலிருந்து நுழைந்தால் அது தரைத்தளம். கீழ்ச் சந்திலிருந்து பார்த்தால் அதுவே முதல் மாடி. மென்பொருளுக்கு இந்த விவகாரம் தெரியாது. அது தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் வீட்டைக் கிடைமட்டமாக வெட்டி, கீழே எதுவரை பார்க்கச் சொல்லியிருக்கிறோமோ அதுவரைதான் பார்க்கும். இயல்பாக அந்த அடிமட்டம் தரையிலேயே இருக்கும். தளம், படிக்கட்டு போன்றவற்றை மட்டும் அதற்குக் கீழும் ஏறத்தாழ 1.2 மீட்டர்வரை காட்டும். தோட்டப்படிகள் அதற்கும் கீழே இருக்கின்றன. யாரும் அவற்றை மறைக்கவில்லை, பார்வை அங்கே எட்டவில்லை. நீங்கள் இருக்கும் வெலிங்டனும் மேடும் பள்ளமுமான ஊர் என்பதால், இது உங்களுக்கு வாரந்தோறும் வரும்.

பார்வையின் பண்புகளில் வியூ ரேஞ்சைத் திறந்து, பாட்டம் (அடிமட்டம்), வியூ டெப்த் (பார்வை ஆழம்) இரண்டையும் தோட்டமட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். டெப்த்தை மட்டும் இறக்கினால் படிகள் தெரியும், ஆனால் பியாண்ட் என்ற கோட்டு வகையில் வரும். அலுவலகத்தில் அதை எப்படி அமைத்திருக்கிறார்களோ தெரியாது. தளம் முழுவதற்கும் இறக்கினால் அடித்தளமெல்லாம் தெரிய ஆரம்பித்து வேறு குழப்பம் வரும் என்றால், பிளான் ரீஜியன் என்ற கருவியால் படிகளைச் சுற்றி மட்டும் ஒரு எல்லை வரைந்து, அதற்குள் மட்டும் ஆழத்தை மாற்றலாம். மலைச்சரிவு வீட்டுக்கு நான் எப்போதும் செய்வது இரண்டாவதைத்தான்.

இனிமேல் தாளில் இருக்கும் பார்வையில் எதையும் மறைக்காதீர்கள், அம்மா. அந்தப் பார்வையை டூப்ளிகேட் செய்து, உங்களுக்கென்று ஒரு பெயர் வைத்து, அதில் கேத்தியின் எச்-எச்சோ லவ்டேலின் வி-ஜியோ உங்கள் விருப்பம் போல் செய்துகொள்ளுங்கள்.

வெலிங்டன் மகள் (திங்கட்கிழமை மதியம்)

தாள் 9.40க்குப் போய்விட்டது. தோட்டப்படிகளுக்குப் பிளான் ரீஜியன்தான் போட்டேன். மூத்தவரிடம் வகையை மறைத்தது நான்தான் என்று சொன்னேன். தோட்டப்படிகள் அந்தத் தாளில் முதல் நாளிலிருந்தே இருந்ததில்லை என்பதையும் பழைய அச்சுப்படியைக் காட்டிச் சொன்னேன். அவர் அந்தப் பழைய தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு பார்வையை உருவாக்கி, அதற்குத் தமிழிலேயே ‘பின்சுவர்’ என்று பெயர் வைத்தேன். ரெவிட் அதை ஏற்றுக்கொண்டது. மாலைக்குள் ஆங்கிலத்தில் மாற்றும்படி அலுவலகம் சொல்லியிருக்கிறது.

அருவங்காடு அண்ணா, அந்தத் தேநீருக்கான கடன் என்னிடம் இருக்கிறது. தை மாதம் ஊருக்கு வருகிறேன்.