கேபினெட், கூலிங்: இன்னும் மனசை அரிக்கிற ஒரு சம்பவம் சொல்லுங்க

பேசின்பிரிட்ஜ்:

நானே ஆரம்பிக்கிறேன். தம்பிக்குப் போன மே மாசம் கட்டின பிசி. ரைசன் 5600 ப்ராசஸர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, பி450 மதர்போர்டு. ஐம்பதாயிரத்துக்குள்ள முடிக்கணும். மத்த எல்லாத்துக்கும் பத்து வீடியோ பார்த்து முடிவு பண்ணினேன். கேபினெட்டை மட்டும் சென்னை ரிச்சி தெருவுல நின்னுக்கிட்டே அஞ்சு நிமிஷத்துல எடுத்தேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ள கலர் லைட் எரியுற மூணு ஆர்ஜிபி ஃபேன், 3,200 ரூபா. அதே விலைக்குப் பக்கத்துல முன்பக்கம் வலை போட்ட கறுப்புப் பெட்டி ஒண்ணு இருந்துச்சு. தம்பி அதைத்தான் முதல்ல தொட்டுப் பார்த்தான். "இது பார்க்க நல்லாருக்குடா"ன்னு கண்ணாடியைக் காட்டினது நான்தான்.

வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழ. கத்திரி வெயில்ல ராத்திரி 10 மணிக்கும் சுவர் சுடும். கேம் போட்டு இருபது நிமிஷத்துல கிராபிக்ஸ் கார்டு 84 டிகிரி, அதுலயே ரொம்பச் சுடுற இடம், ஹாட்ஸ்பாட், 101. அந்த ஃபேன் சத்தத்துக்கு ஹால்ல அம்மா டிவி வால்யூமை ஏத்தி வெப்பாங்க.

ஒரு நாள் கேம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே முன்பக்கப் பேனலை ரெண்டு கையால பிடிச்சு இழுத்துட்டேன். உடனே சத்தம் மாறிச்சு. அதுவரைக்கும் திணறிக்கிட்டு இருந்த ஃபேன் சீரா இழுக்க ஆரம்பிச்சுது. கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் சுண்டுவிரல் கூட நுழையாத ஒரு இடுக்கு, காத்து வர்றதுக்கு இருந்த வழி அவ்வளவுதான். ஸ்கிரீன் மூலையில 84, 81, 77. பத்து நிமிஷத்துல 72ல வந்து நின்னுச்சு. தம்பி நம்பரைப் பார்க்கல, என்னைப் பார்த்தான். "அண்ணா, அப்ப அந்தக் கறுப்புப் பெட்டியையே வாங்கியிருக்கலாமா?"

அது அவன் எட்டு மாசம் டெலிவரி வண்டி ஓட்டிச் சேர்த்த காசு. உங்ககிட்டயும் இப்படி ஒண்ணு இருக்கும், சொல்லுங்க.

மாட்டுத்தாவணி:

ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட் போர்டு வெச்சிருக்கிறவங்க இதைப் படிச்சே ஆகணும். ப்ராசஸரோட கூட வந்த ஸ்டாக் கூலரை மாத்தலாம்னு உட்கார்ந்தேன். ரெண்டு வருஷம் ஓடினது, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட் காய்ஞ்சு சிமெண்ட் மாதிரி ஆகியிருக்கு, அது எனக்குத் தெரியாது. நாலு ஸ்க்ரூவையும் கழட்டிட்டு நேரா மேல தூக்கினேன். "டப்"புன்னு ஒரு சத்தம். கூலரைத் திருப்பிப் பார்த்தா அடியில ப்ராசஸரும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. ப்ராசஸரைப் பிடிச்சு வெக்கிற லாக் லிவர் போட்டது போட்டபடியே இருக்கு, அதை மீறிப் பிடுங்கிட்டு வந்திருக்கு.

ப்ராசஸர் அடியில 1,331 பின். ஓரத்துல மூணு சாய்ஞ்சு போச்சு. மைக்ரோடிப் பென்சில்ல லெட்டை எடுத்துட்டு அந்த ஓட்டைக்குள்ள பின்னை விட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு ஒவ்வொண்ணா நிமிர்த்தினேன். ஒன்றரை மணி நேரம். மூணாவது பின் நிமிரும்போது கை நடுங்கினது இப்பவும் ஞாபகம் இருக்கு. ஆன் ஆச்சு, இன்னிக்கும் ஓடுது. ஆனா அந்தச் சத்தம் காதை விட்டுப் போகல.

கழட்டுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கேம் ஓட்டிச் சூடாக்குங்க, பேஸ்ட் இளகும். அப்புறம் ஆஃப் பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூவை எடுத்துட்டு, கூலரை இடமும் வலமும் லேசாத் திருகுங்க. தானா வழுக்கிக்கிட்டு வந்த பிறகு தூக்குங்க.

காவிரிக்கரை:

எனக்கு அசெம்பிள் பண்ணத் தெரியாது, கடையில பண்ணிக் கொடுத்தது. ஐ5 12400எஃப் ப்ராசஸர், தனியா டவர் கூலர் போட்டாத்தான் நல்லதுன்னு சொல்லி அதுக்கும் பில் போட்டாங்க. வாங்கின வாரத்துல இருந்தே எடிட்டிங் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டா 100 டிகிரி தொட்டு வேகம் குறையும். மூணு தடவை போய்ச் சொன்னேன். மூணு தடவையும் ஒரே பதில்: "கேம் ஆடினா சூடாகத்தான் செய்யும், ரூம்ல ஏசி போடுங்க." கூட நின்ன என் தம்பிகிட்டதான் பேசினாங்க, என்கிட்ட இல்ல.

ஒரு வருஷம் கழிச்சு நானே திறந்தேன். கூலரைக் கழட்டித் திருப்பினா, செம்புக் குழாய் தெரியுற அடிப்பக்கத்து மேல கண்ணாடித் தாள் மாதிரி ஒரு பிளாஸ்டிக். அதை உரிச்சுட்டுப் பொருத்துங்கன்னு அதிலேயே அச்சடிச்சிருக்கு. அந்த எழுத்து மேலதான் பேஸ்டைத் தடவியிருக்காங்க. நகத்தால ஒரு ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன், முழுசா வந்துச்சு. புது பேஸ்ட் போட்டேன், அதே எக்ஸ்போர்ட் 68 டிகிரில முடிஞ்சுது.

அந்தத் தாளை ஒரு நோட்டுக்குள்ள வெச்சிருக்கேன். ஒரு வருஷம் என் ஜன்னலையும் என் ரூமையும் குறை சொன்னாங்க. எனக்கு அதுதான் ஆறல.

திருப்புளி:

@காவிரிக்கரை தங்கச்சி, உங்களுக்கு நடந்தது தப்பு. அசெம்பிளி வேலையில 14 வருஷமா இருக்கேன், மனசாரச் சொல்றேன், அந்தத் தாளை உரிக்காம விட்டதுக்குச் சாக்கே கிடையாது. ஆனா எல்லாக் கடையும் அப்படின்னு எடுத்துக்காதீங்க. தீபாவளி வாரத்துல ஒரு நாளைக்கு 12 மெஷின் கட்டுவோம், அப்பவும் சுட வெச்சுப் பார்க்காம ஒண்ணையும் வெளிய விடுறதில்ல.

என் சம்பவம் சின்னதுதான். ஒரு அப்பா பையனைக் கூட்டிக்கிட்டு வந்தார், கேபினெட்டும் கூலரும் வேற இடத்துல வாங்கிட்டு வந்திருந்தார். எல்லாம் மாட்டியாச்சு, கடைசியில சைடு கண்ணாடி மூட மாட்டேங்குது. கூலர் 155 மில்லிமீட்டர், பெட்டியில இடம் 150. அஞ்சு மில்லிமீட்டர். அந்த அப்பா கண்ணாடியை அழுத்தி அழுத்திப் பார்த்த கை இன்னும் கண்ணுல நிக்குது.

அதனால கேளுங்க. கேபினெட் அட்டைப் பெட்டியில கூலர் உயரம் எவ்வளவு வரைக்கும்னு போட்டிருக்கும், அதை முதல்ல படிங்க. டீப்கூல் ஏகே400 கூலர் 155, ஏஜி400 150. அஞ்சு பத்து மில்லிமீட்டர் இடம் விட்டு எடுங்க. கிராபிக்ஸ் கார்டு நீளமும் அப்படித்தான், முன்னாடி ஃபேன் உட்கார்ந்தா 25 மில்லிமீட்டர் குறையும்.

அடுத்தது ஃபேன் திசை. குறுக்குச் சட்டம் இருக்கிற பக்கம்தான் காத்து வெளிய வரும். முன்னாடி ரெண்டு உள்ள இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ள, பட்ஜெட் மெஷினுக்கு இது போதும். மூணையும் வெளிய தள்ளுற மாதிரி மாட்டிட்டு வர்றாங்க, அப்புறம் தூசி எல்லா இடுக்குலயும் பூந்து வருது. கேபினெட்டோட வர்ற ஆர்ஜிபி ஃபேன்ல பாதி, பவர் சப்ளைல நேரா மாட்டுற மோலெக்ஸ் வயரு, வேகத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. போர்டுல மாட்டுற நாலு பின் ஃபேன் ரெண்டு வாங்குங்க, வெளிச்சம் இல்லாட்டியும் பரவால்ல.

65 வாட் ப்ராசஸருக்கு லிக்விட் கூலர் வேண்டாம். ஒத்தை டவர், ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன், தாராளம். மிச்சக் காசைக் கேபினெட்டுல போடுங்க.

நம்ம ஊர் கம்ப்யூட்டர் டேபிள்ல சிபியு வெக்க ஒரு அறை இருக்கும் பாருங்க, மூணு பக்கமும் பலகை அடைச்சது. பின்னாடி வர்ற சூடு சுத்தி முன்னாடியே வரும். எவ்வளவு நல்ல வலைக் கேபினெட்டா இருந்தாலும் அதுக்குள்ள தள்ளினா வீண். ஒண்ணு பின்பலகையைக் கழட்டுங்க, இல்ல மெஷினை வெளிய எடுங்க.

சைடு பேனலைத் திறந்து டேபிள் ஃபேனை விடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. செய்யாதீங்க. தூசியும் பல்லியும் நேரா போர்டு மேலதான் வந்து உட்காரும்.

மாட்டுத்தாவணி:

@திருப்புளி அண்ணே, மத்ததெல்லாம் சரி, சைடு பேனல் விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். மதுரையில மே மாசம் ரூமே 37 டிகிரி. ரூம் பத்து டிகிரி ஏறினா சிப்பும் பத்து ஏறும், கூலரால ரூம் சூட்டுக்குக் கீழ கொண்டுபோக முடியாதே. புதுக் கேபினெட் வாங்க வழியில்லாதவன் ரெண்டு மாசம் பேனலைத் திறந்து வெச்சுத்தான் ஓட்டணும். தூசியைத் துடைச்சுக்கலாம்.

திருப்புளி:

@மாட்டுத்தாவணி சோதனைக்குத் திறங்க, அதுக்கு நானும் சரிங்கிறேன். திறந்ததும் 12 டிகிரி குறைஞ்சா முன்பக்கம் அடைச்சுக் கிடக்குன்னு அர்த்தம். ரெண்டு மூணுதான் குறைஞ்சா பெட்டி சரி, ரூம்தான் சூடு. அது தெரிஞ்ச பிறகு மூடிடுங்க. ரூம் சூட்டுக்குக் காசில்லாத வைத்தியம் கேம் ஃபிரேமை செகண்டுக்கு 60ல பூட்டுறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல 140 ஃபிரேம் ஓடி யாருக்கு லாபம்? கார்டு பாதி வேலைதான் செய்யும், ஃபேன் சத்தமும் அடங்கும்.

யாழ்தேவி:

கேபினெட்டை நாங்கள் இஞ்ச கேசிங் எண்டுதான் சொல்லுறது. என்ர கதை சூட்டைப் பற்றி இல்லை, ஆனா ஃபேன் மாத்தப் போய் நடந்தது.

இரவு ரெண்டு மணி இருக்கும். சைடு கண்ணாடியைக் கழட்டி, மெதுவாத்தான், நிலத்தில நிமித்தி சுவரில சாத்தி வைச்சன். நிலம் ரைல்ஸ், நீங்கள் டைல்ஸ் எண்டு சொல்லுறது. மூலை நிலத்தில பட்டதுதான் தெரியும், முழுக் கண்ணாடியும் ஒரே நேரத்தில உதிர்ந்திட்டுது. விழேல்லை, உடையேல்லை, உதிர்ந்தது. கல்லுப்பு மாதிரிக் குவியல். பக்கத்து அறையில படுத்திருந்த அக்கான்ர பிள்ளை வீறிட்டு எழும்பிட்டான்.

டெம்பர் பண்ணின கண்ணாடிக்குள்ள எப்பவும் ஒரு இறுக்கம் இருக்குதாம். ரைல்ஸ் கண்ணாடியை விடக் கடினம், ஓரத்தில சின்னக் கீறல் விழுந்தாலே அந்த இறுக்கம் எல்லாம் ஒரேயடியா விடுபட்டுப் போகும். கழட்டினா மெத்தையில வையுங்கோ, இல்லாட்டி மடிச்ச துவாய்க்கு மேல. ரெண்டு நாள் கழிச்சும் செருப்புக்கடியில துகள் எடுத்தனாங்கள். பிள்ளை அந்த அறைக்குள்ள தவழ வந்தா எனக்கு இப்பவும் நெஞ்சு பதறும்.

பனியன்ஊர்:

@பேசின்பிரிட்ஜ் வலை போட்ட பெட்டியை வாங்கியிருந்தா எல்லாம் சரியாயிருக்கும்னு நினைக்காதீங்க. நான் வாங்கினேன். திருப்பூர், எங்க வீட்டுக்குக் கீழயே தையல் யூனிட், 12 ஓவர்லாக் மெஷின் ஓடுது. முதல் வாரம் கார்டு 70. ரெண்டு மாசத்துல 83. ஃபேன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு முன்பக்கத்தைக் கழட்டினா, வலைக்கு உள்பக்கம் ஃபில்டர் மேல பஞ்சு. ஒரு மூலையைப் பிடிச்சு இழுத்தேன், துணி மாதிரி முழுசா உரிஞ்சு வந்துச்சு. மேல வெள்ளை, அடியில நீலம், அதுக்கும் அடியில மெரூன். கீழ எந்த மாசம் எந்தக் கலர் ஆர்டர் ஓடுச்சுன்னு அடுக்கு அடுக்காத் தெரியுது.

அப்பா அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒண்ணும் பேசல. 22 வருஷம் அதே காத்துல உட்கார்ந்து தைச்சவர். ராத்திரி அவர் இருமுறது எனக்குப் பழகின சத்தம், அன்னிக்கு மட்டும் தூக்கம் வரல.

இப்ப ஞாயித்துக்கிழமை தவறாம சுத்தம் பண்றேன். பெயிண்ட் பிரஷ்ஷால ஃபில்டரைத் தட்டி, தண்ணில அலசி, நிழல்ல காயப்போடணும். பிளோவர் அடிச்சா ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, கண்டபடி சுத்தினா பேரிங் போயிடும். @திருப்புளி அண்ணா, முன்னாடி ரெண்டு பின்னாடி ஒண்ணுன்னு சொன்னது சரிதான். உள்ள வர்ற காத்து ஜாஸ்தியா இருந்தா பஞ்சு ஃபில்டர்லயே நின்னுடும், போர்டுக்குப் போகாது. எனக்கு அதைக் கடையில யாரும் சொல்லல.

பேசின்பிரிட்ஜ்:

எல்லாருக்கும் நன்றி. போன ஞாயித்துக்கிழமை நானும் தம்பியும் உட்கார்ந்தோம். புதுக் கேபினெட் வாங்கல. கண்ணாடிப் பேனலைக் கழட்டி, @யாழ்தேவி சொன்ன மாதிரி மெத்தை மேல வெச்சு, பழைய போர்வையில சுத்திக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டோம். அந்த இடத்துல ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலை. வீட்டுல மிச்சம் இருந்த துண்டு, வெல்க்ரோவும் கூடவே இருந்துச்சு. டேபிள் பின்பலகையும் கழட்டியாச்சு.

வலையில்லாம 72 இருந்தது, வலையோட 74. ஃபிரேமை 60ல பூட்டினா 66. அம்மா டிவி வால்யூமைக் குறைச்சுட்டாங்க.

@பனியன்ஊர் உங்க அப்பாவை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க. கேக்காம சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

வலையை அளந்து வெட்டினது, வெல்க்ரோ ஒட்டினது எல்லாம் தம்பிதான். இடது கீழ் மூலை மட்டும் ஒட்டாம தூக்கிக்கிட்டு நிக்குது. இந்த ஞாயிறு புது வெல்க்ரோ வாங்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்.