பாட்டனில் பார்த்த ரச முலாம்

தங்க முலாம் என்றாலே மின்சாரத் தொட்டிதான் நினைவுக்கு வரும். நேபாளத்தின் பாட்டன் நகரில் நேவார் கைவினைஞர்கள் செப்புச் சிலைகளுக்கு இன்னமும் பாதரசம் வைத்துப் பொன் பூசுகிறார்கள். அங்குள்ள ஓக்கு பகால் என்ற பௌத்த விகாரையின் பக்கத்துச் சந்து ஒன்றில் அதை நேரில் பார்க்க வாய்த்தது.

தங்கத்தையும் பாதரசத்தையும் சேர்த்து அரைத்த விழுது ஒரு கிண்ணத்தில் இருந்தது. வெண்ணெய்ப் பதம். மஞ்சள் மருந்துக்குக்கூட இல்லை! நன்றாகத் துலக்கிய, தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிறிய சிலையில் அதைத் தேய்க்கத் தேய்க்க, செம்பு மறைந்து சிலை முழுக்க வெள்ளிபோல் ஆனது. அப்புறம் கேஸ் சுடர். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும்; தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். அதனால் ரசம் போய்விட, பொன் செம்போடு ஒட்டிக்கொள்கிறது. சுடர் பட்ட இடமெல்லாம் வெளுப்பு மங்கி மஞ்சள் ஏறியது. கலவை ஓரிடத்தில் திரளாமல் இருக்கக் கைவினைஞர் பஞ்சால் ஒற்றிக்கொண்டே இருந்தார். பளபளப்பு அப்போதும் வரவில்லை. அகேட் கல் பதித்த கோலால் அழுத்தித் தேய்த்த பிறகுதான் வந்தது. முகத்தை மட்டும் தேய்ப்பதில்லை. பசையில் குழைத்த பொற்பொடியைத் தூரிகையால் பூசி அப்படியே விடுகிறார்கள். திபெத்திய மடங்கள் கேட்பது அந்த மங்கல் முகத்தைத்தான்.

எனக்குப் பயம் தந்தது பாதரச ஆவிதான். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அவர் மூக்கில் கட்டியிருந்த துணி அதைத் தடுக்காது. நான் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். பாரிஸின் வெண்கல வேலைக்காரர் ராவ்ரியோ 1814இல் இறந்தபோது, முலாம் பூசுகிறவர்களை இந்த ஆவியிலிருந்து காப்பாற்ற வழி கண்டுபிடிப்பவருக்கு என்று 3,000 பிராங்க் எழுதிவைத்தார். ஆவியை மேலே இழுத்துக்கொள்ளும் புகைபோக்கி உலையை வடிவமைத்த வேதியியலாளர் தார்சே 1818இல் அந்தப் பரிசைப் பெற்றார். 1840இல் இங்கிலாந்தின் எல்கிங்டன், மின்சாரத்தால் பூசும் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கியபின் ரச முலாம் அங்கே மெல்ல ஒழிந்தது.

“மின்முலாம் பூசலாமே?” என்று பாட்டன் கைவினைஞரிடம் கேட்டேன். பூசுகிறார்களாம், மலிவுச் சிலைகளுக்கு. ரச முலாம் தடிப்பாக உட்காரும், சீக்கிரம் தேயாது, விலையும் கூட என்றார். நிறத்தில் வித்தியாசம் இருப்பது உண்மைதான், மறுக்கமாட்டேன். ஆனாலும் மலிவுச் சிலையைத்தான் வாங்கினேன். கடைக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.