வேர்வை கொட்டுச்சுன்னா அது ஹீட் ஸ்ட்ரோக் இல்லையா?

தம்பி ஆர்மி ட்ரெய்னிங்ல இருக்கான். போன வாரம் பேக் மாட்டிக்கிட்டு ரூட் மார்ச், முடியப்போற நேரத்துல தள்ளாடிருக்கான், பக்கத்துல வந்தவன் ரைஃபிள வாங்கிக்கலாம்னு கை நீட்டினா அவனயே கண்டபடி திட்டிருக்கான், அப்படி பேசுற ஆளே இல்ல. அப்புறம் விழுந்துட்டான். இப்ப ஆஸ்பத்திரில தேறிட்டான். உடம்பு பூரா வேர்வையாம், தண்ணியும் நல்லா குடிச்சிருக்கான். வேர்வை நின்னாதானே ஹீட் ஸ்ட்ரோக்? எப்ப திரும்ப ஓடலாம்?

பழைய மெடிக்:
வேர்வைய வச்சு முடிவு பண்ணாதீங்க. வெயில் காலத்துல வயசானவங்க விழுறப்பதான் பெரும்பாலும் தோல் காஞ்சு கிடக்கும். உங்க தம்பி மாதிரி ட்ரெய்னிங்ல இருக்கறவங்களுக்கு உழைக்கிற தசையே சூட்டை கிளப்புது, சொட்டச் சொட்ட நனைஞ்சிருப்பான், உள்ள 40 டிகிரி தாண்டியிருக்கும். திட்டினான் பாருங்க, அதுதான் சிக்னல், மூளை தடுமாறுது. அந்த நேரத்துல பேக்க கழட்டி, பூட்ஸ கழட்டி, ஐஸ் தண்ணில முக்கணும், தொட்டி இல்லன்னா ஐஸ்ல நனைச்ச பெட்ஷீட்ட சுத்தி சூடாக சூடாக மாத்தணும். குளிர வச்சுட்டுதான் ஆம்புலன்ஸ்ல ஏத்தணும், முதல் அரை மணி நேரம்தான் எல்லாம். நெத்தில வச்சு பாக்குற தெர்மாமீட்டர் இதுல சும்மா, ஆசனவாய்லதான் பாக்கணும், வெக்கப்பட்டா ஆள் போயிடுவான்.

ரிசர்வ்காரன்:
தண்ணி குடிச்சா வராதுங்கறதும் தப்பு. ஓவரா குடிச்சா ரத்தத்துல சோடியம் இறங்கி அதுவும் ஆபத்து, அமெரிக்க ஆர்மில மணிக்கு சுமார் 1.4 லிட்டருக்கு மேல வேணாம்னே வச்சிருக்காங்க. வெயில் அடிக்கலைன்னும் சமாதானம் ஆகாதீங்க, புழுக்கம்தான் வில்லன். அமெரிக்காவுல பாரிஸ் ஐலண்ட்ங்கற இடத்துல மரீன் பயிற்சிக்காக 1950கள்ல கொண்டுவந்த டபிள்யூபிஜிடிங்கற (வெயில், புழுக்கம், காத்து சேத்து பாக்குற) சூட்டு அளவுல, புழுக்கத்த காட்டுற ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டருக்குத்தான் 70 சதவீதம் வெயிட்.

டாக்டர்:
தேறிட்டான்னு உடனே ஓட விடாதீங்க. டிஸ்சார்ஜ் ஆகி குறைஞ்சது ஒரு வாரம் எந்த எக்சர்சைஸும் கூடாது. கிட்னி, லிவர், சிகே (தசை சிதைஞ்சத காட்டுற ரத்த டெஸ்ட்) எல்லாம் நார்மல் ஆனப்புறம் குளுமையான நேரத்துல ஆரம்பிச்சு மெல்ல ஏத்தணும். யூரின் கோலா கலர்ல போச்சான்னு கேளுங்க, தசை சிதைஞ்சா அப்படி போகும். மார்ச்சுக்கு முன்னாடி காய்ச்சல், வயித்துப்போக்கு, சளி மாத்திரை ஏதாவது இருந்துச்சா?

கேள்வி கேட்டவர்:
இப்பதான் போன்ல கேட்டேன். ரெண்டு நாளா வயித்துப்போக்காம், சொன்னா பேட்ச்ல இருந்து பின்னாடி தள்ளிடுவாங்கன்னு மறைச்சிருக்கான் சார்.

டாக்டர்:
அத இன்னிக்கே அங்க இருக்குற டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க, கேஸ் ஷீட்ல ஏறணும்.