"நலன் முரண் எதுவுமில்லை" என்ற அந்த ஒரு வரி

மனநல மருத்துவ முதுகலை இரண்டாம் ஆண்டில் நடந்தது. ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து அலசும் ஜர்னல் கிளப் கூட்டத்தில் என் முறை. தடயவியல் மனநல இதழ் (குற்றம், நீதிமன்றம் தொடர்பான மனநல மருத்துவ இதழ்) ஒன்றிலிருந்து கட்டுரை எடுத்திருந்தேன். சிறையிலிருந்து விடுதலையாகிறவர் மறுபடி வன்முறையில் இறங்குவாரா என்று மதிப்பெண் போட்டுச் சொல்லும் கருவி ஒன்றைப் பற்றியது. பேர்போன இதழ், பெரிய பதிப்பகம். புள்ளிவிவரப் பகுதியை இரண்டு ராத்திரி கரைத்துக் குடித்திருந்தேன்.

பேசி முடித்ததும் மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தக் கருவியைச் செஞ்சது யாரும்மா?"

எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தால், கட்டுரையை எழுதியவர்களில் இரண்டாமவரேதான். கையேடு, மதிப்பெண் தாள், பயிற்சி வகுப்பு எல்லாவற்றையும் விலைக்கு விற்கிறார். அதே இதழின் ஆசிரியர் குழுவிலும் இருக்கிறார். கட்டுரையின் கடைசியிலோ "நலன் முரண் எதுவுமில்லை" என்று ஒரு வரி. அதாவது, ஆய்வின் முடிவைச் சாய்க்கக்கூடிய சொந்த ஆதாயம் எதுவும் எழுதியவர்களுக்கு இல்லையாம்.

"அதுக்காக அவர் பொய் சொல்றார்னு அர்த்தமில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே" என்றார் மேடம்.

அப்புறம்தான் 2013-இல் பிளாஸ் ஒன் இதழில் சிங், கிரான், ஃபாசல் மூவரும் எழுதியது கிடைத்தது. இப்படிப்பட்ட கருவிகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். கருவியை உருவாக்கியவர்களே எழுதிய ஆய்வுகளில் அதன் கணிப்புத் திறன், வெளியாட்கள் செய்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு! உருவாக்கியவரோ மொழிபெயர்த்தவரோ சேர்ந்து எழுதியவை 25. அவற்றில் ஒன்றுகூட அந்தத் தொடர்பை நலன் முரண் என்று சொல்லவில்லை. சில இதழ்கள் கட்டாயம் சொல்லச் சொல்லியும்.

இன்னொன்று மனதை விட்டுப் போகவேயில்லை. கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேரின் மனப்பிறழ்வுப் பட்டியல் தெரிந்திருக்கும், ஒருவருக்கு 'சைக்கோபதி' எவ்வளவு என்று அளப்பது: 20 அம்சங்கள், மொத்தம் 40 மதிப்பெண். ஸ்கீம், குக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதை விமர்சித்து எழுதிய கட்டுரையை ஓர் அமெரிக்க இதழ் ஏற்றுக்கொண்டது. ஹேர் தரப்பிலிருந்து வழக்குப் போடுவதாக மிரட்டல் வந்தது. இழுபறிக்குப் பிறகு 2010-இல்தான் அச்சேறியது. தன் கருத்தைத் திரித்துவிட்டார்கள் என்பது ஹேரின் வாதம். இருக்கலாம். ஆனால் இதழில் என்ன வந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துப் பழகிய எனக்கு, வராமல் எது நிற்கிறது என்ற யோசனை அன்றுதான் வந்தது. இப்போதெல்லாம் எந்தக் கட்டுரையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன்.

உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

கறுப்பு கோட்டு:

டாக்டரம்மா, நான் பட்டதும் இதே கதைதான், கோர்ட்டில். கொலை வழக்கு, பழைய ஐ.பி.சி. 84-ஆவது பிரிவு, சித்தசுவாதீனம் இல்லை என்று எங்கள் வாதம். எங்கள் தரப்பு மனநல நிபுணர் ஒரு கட்டுரையை ஆதாரமாகக் காட்டினார். குறுக்கு விசாரணையில் அரசு வக்கீல் அதன் முதல் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். கட்டுரை இதழுக்கு வந்து சேர்ந்த நாளுக்கும் ஏற்கப்பட்ட நாளுக்கும் நடுவே நான்கு நாள். வேறு நிபுணர்கள் படித்துச் சரிபார்க்க அது போதவே போதாது. "நாலு நாள்ல யார் ரிவியூ பண்ணினாங்க டாக்டர்?" பதிலில்லை. ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாக என்னைத்தான் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு மாதமாக என் கேஸ் கட்டுக்குள்ளேயே இருந்தது.

இதழை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் 108 நிபுணர்களிடம் ஒரே கேஸ் கோப்புகளைக் கொடுத்து, சிலரிடம் நீங்கள் அரசுத் தரப்பு என்றும் சிலரிடம் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு என்றும் நம்பவைத்தார்கள். அரசுத் தரப்பு என்று நம்பியவர்கள் அபாய மதிப்பெண்ணைக் கூட்டியே போட்டார்கள். மரி, பொக்காசினி குழுவின் 2013 ஆய்வு இது. பீஸ் கொடுத்து நிபுணரைக் கூட்டிவருகிற நான் இதைப் படித்துவிட்டு யாரைத் திட்டுவது?

மருந்துக்கடை மாமா:

என்னுடையது சின்னது. ஆன்டாசிட் மாத்திரை எவ்வளவு நேரத்தில் கரையும் என்று ஒரே ஒரு கட்டுரை எழுதியவன் நான். "மாண்புமிகு பேராசிரியர் அவர்களே" என்று தொடங்கி, தடயவியல் மனநல இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவுக்கு அழைத்து மெயில் வந்தது. சிரித்துவிட்டு அழித்தேன். என்னோடு அந்தக் கட்டுரையை எழுதிய நண்பர் விளையாட்டாகச் சரி என்று பதில் போட்டுவிட்டார். பெயரை எடுக்கச் சொல்லி நான்கு மெயில் அனுப்பியாகிவிட்டது. அந்த இதழின் இணையப் பக்கத்தில் போட்டோவோடு அவர் இன்னமும் தடயவியல் மனநல நிபுணராகத்தான் இருக்கிறார்.