அப்பாவின் கையெழுத்தைக் கையில் பச்சை குத்தலாமா?

தேனூர் மகள்:
அப்பா போன வைகாசியில் தவறிவிட்டார். பால் சொசைட்டியில் கணக்கு எழுதியவர். நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அவர் போட்ட அஞ்சலட்டைகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: "வேளாவேளைக்குச் சாப்பிடு." அந்த வரியை அவர் கையெழுத்திலேயே இடது முன்கையில் குத்திக்கொள்ள நினைக்கிறேன். சித்தப்பா, "குடும்பப் பொண்ணு செய்ற காரியமா இது" என்கிறார். அவரைப் பெற்ற என் அப்பத்தாவுக்கு இரண்டு கையிலும் கோலம், ஒரு கையில் தேள். அவருக்கு அழகாக இருந்தது எனக்கு எப்படி அசிங்கமாகும்? குத்தியவர்கள், வேண்டாம் என்பவர்கள் இருவருமே சொல்லுங்கள்.

கரிசல்காரன்:
சித்தப்பா சொன்ன காரணத்தை நான் ஏற்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதலில், அப்பத்தாவைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். எங்கள் பாட்டிக்குச் சின்ன வயதிலேயே குத்திவிட்டார்கள். அத்தைமார் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, குத்துகிறவர் பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினாராம். என்ன உருவம் வேண்டும் என்று பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. பச்சை இல்லாத கை என்று பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். அதில் பாட்டியின் நினைவு எதுவும் இல்லை, வலியின் நினைவைத் தவிர.

இன்னொன்று, நம் ஊரில் பச்சை என்பது விசுவாசத்துக்கு அத்தாட்சி கேட்கும் பழக்கமாகவும் இருந்திருக்கிறது. எம்.ஜி.ஆர். தன் தொண்டர்களைக் கட்சிக் கொடியைக் கையில் குத்திக்கொள்ளச் சொன்னார். 2016-இல் ஜெயலலிதா பிறந்தநாளுக்கும் கட்சிக்காரர்கள் அவர் உருவத்தைக் குத்திக்கொண்டார்கள். அப்பா மேல் உங்களுக்கு இருக்கும் பாசத்துக்கு அப்படி ஓர் அத்தாட்சி எதற்கு?

மலர்விழி நெல்லை:
கரிசல்காரன் அண்ணன் சொல்லும் கட்டாயம் உண்மைதான். ஆனால் எல்லாப் பச்சையும் அப்படி வந்ததில்லை. எங்கள் ஆச்சிக்குத் தலைப்பிள்ளை அம்மையில் போய்விட்டது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கு போட்டோ எடுத்தார்கள்? ஊருக்குள் பச்சை குத்த வந்தவரை ஆச்சியே கூப்பிட்டு, திண்ணையில் உட்கார்ந்து பிள்ளையின் பெயரை முன்கையில் குத்திக்கொண்டாள். தாத்தா திட்டியதைக் காதில் வாங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள், அவளுக்குத் தெரிந்த எழுத்து அந்த மூன்றுதான். நாங்கள் மடியில் உட்கார்ந்து அதைத் தடவினால், எங்களுக்கு ஒரு பெரியப்பா இருந்த கதையைச் சொல்வாள். அந்தப் பெயர் இல்லையென்றால் அப்படி ஒருவர் பிறந்ததே எங்களுக்குத் தெரிந்திருக்காது. நகையெல்லாம் இங்கேயே நின்றுவிடும், பச்சை மட்டும்தான் கூட வரும் என்பாள். தங்கச்சி, குத்திக்கொள்.

ஊசிமுனை:
தோல் மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்தப் பக்கமும் சேராமல் சிலது சொல்கிறேன். மை மேல்தோலுக்குக் கீழே, உள்தோலில் போய் உட்காருகிறது. அங்கே உடம்பின் காவல் செல்கள் அதை அந்நியப் பொருள் என்று விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. அந்தச் செல் சாகும்போது மை வெளியே வரும், பக்கத்தில் புதிதாக வந்த செல் அதை மறுபடி விழுங்கும். இப்படிக் கைமாறிக்கொண்டே இருப்பதால்தான் பச்சை நிலைக்கிறது என்று 2018-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலிகளை வைத்துக் காட்டினார்கள்.

அழிக்க லேசர் இருக்கிறது. கறுப்பு மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் ஒளி நன்றாக வேலை செய்யும். பச்சை, மஞ்சள் நிறங்கள் மிகவும் படுத்தும். ஒரே தடவையில் போகாது, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை வரவேண்டும். குத்துவதைவிடச் செலவும் வலியும் அதிகம். குத்துவதானால் உங்கள் கண் முன்னால் பிரித்த புது ஊசி வேண்டும், இல்லையென்றால் மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி பரவலாம். குத்திய பிறகு 12 மாதம் ரத்த தானம் செய்ய முடியாது. அப்புறம், பொடி எழுத்தாகக் குத்தினால் வருஷங்கள் போகப் போகக் கோடு பரவும். 'ள' போன்ற எழுத்துகளின் சுழி அடைபட்டுவிடும். அஞ்சலட்டையில் இருக்கும் அளவிலேயே குத்தாதீர்கள், பெரிதாக்குங்கள்.

கரிசல்காரன்:
பெரிதாக்கி, கடைக்காரர் கை வைத்துத் திருத்தி, பத்து வருஷத்தில் பரவி... அப்புறம் அது அப்பாவின் கையெழுத்தாகவா இருக்கும்? உங்கள் கண் தினமும் பார்ப்பது மாறிப்போன எழுத்தை. அதுவே பழகி, அஞ்சலட்டையில் இருக்கும் அசல் மறந்துபோகும். மலர்விழி ஆச்சிக்கு வேறு வழி இல்லை, போட்டோ இல்லை, கடிதம் இல்லை. உங்களிடம் எல்லாம் இருக்கிறது. இன்னும் தலைத்திவசம்கூட வரவில்லை. துக்கம் சூடாக இருக்கும்போது அழியாத முடிவு எடுக்காதீர்கள்.

வேரடி மண்:
பாட்டிகளின் கதையைப் பேசுகிறோம். குத்தியவர் கதையை யாரும் பேசவில்லை. பெரும்பாலும் குறவர் சமூகத்துப் பெண்கள், ஊர் ஊராக நடந்து வந்தவர்கள். பலர் நரிக்குறவர் என்று நினைக்கிறார்கள், இரண்டும் வேறு சமூகம். வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள் பற்றி எழுதியவற்றில் அவர்கள் மை செய்த முறை இருக்கிறது. மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில் சுற்றித் திரியாக்கி, விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்களாம். இவ்வளவு தெரிந்த பெண்களின் சமூகத்தைத்தான் வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் பரம்பரைத் திருடர் என்று பதிவேட்டில் ஏற்றி வைத்திருந்தது. நம் ஆச்சி கையில் சாகும்வரை நின்ற கோலத்தைப் போட்டவர் பெயர் நம்மில் ஒருவருக்காவது தெரியுமா? கூலியாக ஒரு படி நெல்லோ பழைய சேலையோ கொடுத்துவிட்டு மறந்துவிட்டோம். தேனூர் மகள், குத்துவதோ விடுவதோ உங்கள் இஷ்டம். அப்பத்தாவின் கோலத்தைப் பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் அதை வரையச் சொல்லி வாங்கி வையுங்கள். அது எங்குமே எழுதப்படாதது.

தேனூர் மகள்:
கரிசல்காரன் அண்ணா, நான் யாருக்கும் அத்தாட்சி காட்ட நினைக்கவில்லை. வங்கியில் வேலை, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுப் போட்டு வயிற்று எரிச்சல் வரை வந்துவிட்டது. அப்பா இருந்தவரை இரண்டு மணிக்கு போன் வரும். இப்போது வருவதில்லை. அந்த நேரத்தில் என் கண்ணில் படவேண்டும், அதனால்தான் முன்கை. அட்டையைப் பெட்டியில் வைத்தால் அழத்தான் எடுப்பேன். எழுத்து பரவினால் பரவட்டும், நானும்தான் மாறுவேன்.

தலைத்திவசம் வரை பொறுப்பது மட்டும் சரி என்று படுகிறது. அதற்குள் பெரியத்தையிடம் அப்பத்தாவின் கோலத்தை வரைந்து வாங்குகிறேன்.

கரிசல்காரன்:
எனக்கு இன்னும் சம்மதமில்லை. இரண்டு மணிக்கு அலாரம் வைத்தாலும் சாப்பிடலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போவதென்றால் அசல் அட்டையைக் கடையில் கொடுக்காதீர்கள். நல்ல ஸ்கேன் எடுத்து, பிரின்ட் மட்டும் கொண்டுபோங்கள். அட்டைகளை வெயில் படாமல் வையுங்கள், பேனா மை வெளுத்துவிடும்.